இரைச்சலும் இசையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மிகப் பழைய ஒலிப்பதிவுகளை, இரைச்சல் இருந்தாலும், மணிக்கணக்கில் கேட்க முடிகிறது. பளிச்சென்று பதிவான சில புது ஆல்பங்களை மூன்று பாட்டுக்கு மேல் கேட்டால் தலை வலிக்கிறது. என் காதில் கோளாறா?

ஒரு கோளாறும் இல்லை. 1920-களின் நடுவில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை பாடகர்களுக்கு மைக்கே கிடையாது. பெரிய கூம்புக் குழல் ஒன்றின் முன்னால் நின்று அதற்குள் பாடுவார்கள். உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. அந்தத் தட்டுகளில் அடிநாதமும் சரியாக இல்லை, உச்ச ஒலிகளும் இல்லை, சரசரப்பு மட்டும் தாராளம். ஆனாலும் பாடுபவர் எங்கே குரலை இறக்கினார், எங்கே திறந்து விட்டார் என்பது தெரிகிறது. சரசரப்பு இசையின் மேல் படிந்த தூசிதான். காது கொஞ்ச நேரத்தில் அதை ஒதுக்கிவிட்டுப் பாட்டின் பின்னால் போய்விடும்.

புது ஆல்பங்களில் உங்களைப் படுத்துவது அனேகமாக வேறொன்று: அளவு மீறிய கம்ப்ரஷன். சத்தமான இடங்களை அமுக்கி, மெல்லிய இடங்களை மேலே தூக்கும் வேலை அது. அளவோடு செய்தால் நல்லதுதான், டிரம்ஸுக்கு அடியில் குரல் முங்கிப்போகாது. ஆனால் 1990-களிலிருந்து, அடுத்தவர் ஆல்பத்தைவிட நம்முடையது சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று ஒரு போட்டி கிளம்பியது. சாதாரண சிடி (16 பிட்), மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அவ்வளவு இடம் இருந்தும் எத்தனையோ ராக் ஆல்பங்கள் உச்சியில் உள்ள சில டெசிபல்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன.

மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் 2008-இல் வந்தபோது, அதைத் திருத்தி வெளியிடச் சொல்லி ரசிகர்களே கையெழுத்து சேகரித்தார்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் அந்த அளவுக்கு நசுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு என்ன பறிபோயிருக்கிறது என்பது உடனே புரிந்துவிட்டது. டிரம்ஸ் அடியின் முனையை வெட்டிவிட்டால், எவ்வளவு நல்ல ஹெட்போனும் அதை மீட்டுத் தராது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. கலைஞர் மெல்ல வாசித்ததை மெல்லவே கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கேள்வி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். நல்ல ஸ்டுடியோ இல்லாமல் ஆல்பம் போடுவது வீண் வேலை என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

இல்லை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் (1982) ஒரு வீட்டுப் படுக்கையறையில், நான்கு டிராக் (நான்கு தனித்தனி ஒலித்தடங்கள்) கொண்ட கேசட் ரெக்கார்டரில் பதிவானது. பிற்பாடு இசைக்குழுவுக்குச் சொல்லித் தருவதற்கான மாதிரி என்று நினைத்துத்தான் அவர் பாடி வைத்தார். அப்புறம் ஸ்டுடியோவில் குழுவோடு முயன்றும் பார்த்தார்கள். அந்தப் பாடல்களின் தனிமை போய்விட்டது. கடைசியில் கேசட்டில் இருந்ததையே ஆல்பமாக வெளியிட்டார்கள். அதை இசைத்தட்டில் ஏற்றப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். இரைச்சல் இன்றும் கேட்கிறது, ஆனால் அந்தப் பாடல்கள் சொல்லும் கதைகளுக்கு அது பொருந்துகிறது. எல்லா இசைக்கும் இது பொருந்தாது. நாற்பது பேர் வாசிக்கும் வாத்தியக்குழுவைக் கேசட்டில் பிடித்தால் கூழாகிவிடும்.

நீங்கள் தனிக்குரல் என்பதால் அறையைக் கவனித்தால் போதும். வெறும் சுவரிலிருந்து தள்ளி நில்லுங்கள், பின்னால் கனமான துணியைத் தொங்கவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள். பிறகு தூரத்தைக் கூட்டிக் குறைத்து, உங்கள் குரல் உங்கள் குரலாகவே கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். எதிரொலி சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் செயலியில் எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் வருகிறதே, அது நல்லதா?

நல்லதுதான். பாட்டு முழுவதன் வால்யூமை ஏற்றி இறக்குவதே பெரும்பாலும் அங்கே நடப்பது. அதனால் சத்தத்துக்காக நசுக்கிய ஆல்பத்துக்கு இனி லாபம் இல்லை. ஆனால் முழு ஆல்பமாகக் கேட்கும்போது, அதற்குள் இருக்கும் மெல்லிய பாட்டு மெல்லியதாகவே வருகிறதா என்று செயலியின் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ரீமாஸ்டர்' என்று போட்டால் நம்பி வாங்கலாமா?

பழைய மூலப் பதிவை எடுத்து, ஒலியைப் புதிதாகச் சீர்செய்து வெளியிடுவதுதான் ரீமாஸ்டர். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959-இல் பதிவானபோது, ஒரு டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று பாடல்களும் சுருதி சற்றே ஏறி ஒலித்தன. கூடவே ஓடிக்கொண்டிருந்த மாற்று இயந்திரத்தின் டேப்பை வைத்து 1992-இல்தான் சரிசெய்தார்கள். இசைத்தட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இப்படிப்பட்ட ரீமாஸ்டர் வரம்.

வேறு சில, பழைய மூலப் பதிவைச் சத்தமாக்கியவை மட்டுமே. சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள், ஆனால் புதியதன் வால்யூமைக் குறைத்துப் பழையதோடு சமமாக்கிய பிறகு. சத்தம் கூடினாலே நல்லது என்று காது ஏமாந்துவிடும். சமமாக்கியதும் டிரம்ஸ் அடி எதில் எழும்பி நிற்கிறது, குரலைச் சுற்றி எதில் இடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பழையதே மேல் என்று பட்டால் தயங்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.