ரத்தம் தேடும் முன்…

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன். ஹீமோகுளோபின் 9.6. ‘ரெண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் பார்த்து வைங்க’ என்கிறார்கள். அடுத்தவர் ரத்தமே வேண்டாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆள் தேடுவது இருக்கட்டும், அந்த 9.6 ஏன் என்று முதலில் தேடுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாதவிடாய் நின்று பல வருடமான ஒருவருக்கு இரும்புச்சத்து குறைந்தால், எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகம் வரும். மூலநோயாக இருக்கலாம், வயிற்றுப்புண்ணாக இருக்கலாம், குடல் கட்டியாகவும் இருக்கலாம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கிப் போட்ட மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருப்பதை மயக்க மருந்து டாக்டரான நான் அடிக்கடி பார்க்கிறேன். உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் அதை எதோடு போடுகிறார் என்று கவனியுங்கள். என் பெரியம்மா இரண்டு மாதம் போட்டும் எண் நகரவில்லை. வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜையில் டபரா டம்ளர், அதை ஒட்டியே மாத்திரை அட்டை. தினமும் காலைக் காபியில்தான் விழுங்கியிருக்கிறார்! காபி, டீ, கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸுக்கு மாற்றினோம், அப்புறம் ஏறியது. உங்களுக்கோ ஒரு மாதம்தான் இருக்கிறது. நரம்பு வழியாக இரும்பு ஏற்ற முடியுமா, இல்லை தேதியைத் தள்ளலாமா என்று கேளுங்கள். மூட்டு காத்திருக்கும்.

ஆபரேஷன் அன்று டிரானெக்ஸாமிக் அமிலம் உண்டா என்றும் கேளுங்கள். ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்த, விலை குறைந்த மருந்து. உறைந்த ரத்தம் மறுபடி கரையாமல் பிடித்து வைக்கும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த அடைப்பு, வலிப்பு முன்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறாரென்றால், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாங்கள் படித்த காலத்தில் 10-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் ஒரு பாட்டில் ஏற்றிவிடுவோம். இப்போது எலும்பு ஆபரேஷனில் பெரும்பாலும் 8 வரை பொறுக்கிறோம். ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும்; ஒன்று ஏற்றி, பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

அம்மாவின் விருப்பத்தை டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். ஆனால் இதே 9.6-உடன் உள்ளே போவதாக இருந்தால், ரத்தம் தயாராக இருக்கட்டும். ஏற்றாமலே திருப்பி அனுப்பிய பைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.