மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர்

அடுக்குமாடிக் குடியிருப்புப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 16 வீடுகள். முதல் மாடிக்காரர் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இறக்கி, மாடிப்படிக்கு அடியில் ராத்திரி முழுக்க மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறார். பக்கத்திலேயே இ.பி. மீட்டர்கள். சொன்னால் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வண்டி இருக்கலாம், அந்த இடம்தான் கூடாது. 16 வீட்டுக்காரர்களும் இறங்க இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. அடியில் தீப்பிடித்தால் புகை அதன் வழியாகத்தான் மேலே ஏறும். மொட்டைமாடிக் கதவும் பூட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது ஒயர். ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும், கீசரைவிடக் குறைவு. ஆனால் கீசர் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், சார்ஜர் மணிக்கணக்கில் விடாமல் ஓடும். தளர்ந்த பிளக், சுருட்டிப் போட்ட மெல்லிய ஒயர், டேப் சுற்றிய ஜாயின்ட் எல்லாம் சூடேறி உருகுவது அப்போதுதான். அரை மணி நேரம் சார்ஜ் ஏறியபின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டால் அவருக்கே புரியும்.

பேசப் போகும்போது கையில் மாற்று ஏற்பாடு இருக்கட்டும். "எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். படிக்கட்டுக்கும் மீட்டர் பலகைக்கும் தள்ளி ஒரு சுவரோரத்தைக் காட்டுங்கள். அவருடைய மீட்டரிலிருந்தே தனி லைன் இழுக்கலாம்: பிவிசி குழாய்க்குள் 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஒழுங்கான எர்த். சாக்கெட் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் நிற்பது நம் ஊரில் புதிதல்ல. இடம் சங்கத்துடையது, செலவு அவருடையது என்று பிரித்துக்கொள்வது நியாயம். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடவும் சொல்லிவையுங்கள்.

அப்படியும் மசியாவிட்டால் 15 நாள் கெடுவுடன் செயலாளரின் கடிதம், பிறகு பொதுக்குழுத் தீர்மானம். தீர்மானத்தில் அவர் பெயர் வேண்டாம். "படிக்கட்டிலும் அதன் அடியிலும் யாரும் எதையும் நிறுத்தவோ வைக்கவோ சார்ஜ் போடவோ கூடாது" என்று எழுதினால் பெட்ரோல் வண்டிகளும் செருப்பு ஸ்டாண்டுகளும் சேர்ந்தே வெளியேறும். (அப்போது கைதூக்கத் தயங்குபவர்கள் யார் என்று பாருங்கள்!) ஃபியூஸைப் பிடுங்குவதும் ஒயரை வெட்டுவதும் வேண்டவே வேண்டாம். அடுத்த நிமிடமே குற்றவாளி நீங்கள்தான்.

தீப்பிடித்தே விட்டால், பவுடர் தீயணைப்பான் சுடரை அடக்கும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் சூடு அப்படியே இருப்பதால் மறுபடி பற்றும். கைக்கு எட்டினால் மெயினை அணைத்துவிட்டு, விலகி வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள். படிக்கட்டில் புகை சூழ்ந்திருந்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்கக் கூடாது. கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, பால்கனிக்கு வந்து குரல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எதிர் வீட்டில் ராத்திரியில் அந்தப் பெண்ணின் அலறல் கேட்கிறது. கணவர் அடிக்கிறார் போலிருக்கிறது. தலையிட்டால் நம்மேல் பழி வருமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அலறல் கேட்கும்போதே 112-ஐ அழையுங்கள். போலீஸ் வருவதற்குள் இரண்டு பேராகப் போய் மணி அடிக்கலாம். "உங்க வீட்ல தண்ணி வருதா?" என்ற கேள்வி போதும், அந்த நேரத்துக்கு அடி நிற்கலாம். உள்ளே போகாதீர்கள், "ஏன் அடிக்கிறீங்க" என்று கேட்காதீர்கள். நீங்கள் திரும்பியதும் அதற்கும் சேர்த்து அந்தப் பெண்தான் வாங்குவார்.

மறுநாள் அவரைத் தனியாகப் பார்த்தால் 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது. கேட்ட தேதி, நேரம், காதில் விழுந்த வார்த்தைகள் மூன்றையும் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு வரிகூடப் போடாதீர்கள். அந்தக் கணவரும் அதில் இருப்பார்.

கேள்வி: வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் பையனைப் பார்க்க வந்தவரின் சிசிடிவி படத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'சந்தேக நபர்' என்று எழுதிவிட்டார்கள். பையன் கொதிக்கிறார்.
– சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: கொதிக்காமல் என்ன செய்வார்? படத்தை நீக்கச் சொல்லுங்கள், அதே குழுவில் போட்டவரே வருத்தமும் தெரிவிக்கட்டும். "11.40-க்கு ஒருவர் இரண்டாம் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தார்" என்பது தகவல். "ஆளே சரியில்லை" என்பது ஊகம். தகவலை மட்டும் செயலாளருக்குத் தனியே சொல்ல வேண்டும் என்று விதி போடுங்கள். பதிவைப் பார்க்கும் அனுமதி இருவருக்கு மட்டும் இருக்கட்டும். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்று நோட்டில் எழுதிவையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால், தேவையான துண்டை அன்றே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி) கடிகாரத்தை மாதம் ஒருமுறை கைப்பேசியோடு ஒப்பிடுவதும் அவசியம். அது பத்து நிமிடம் பிந்தியிருந்தால், கேட் ரிஜிஸ்டரோடு பொருத்தும்போது சம்பந்தமில்லாதவர் பெயர் வந்து நிற்கும்.