மாஷ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போன வாரம் 'மாஷ்' (1970) பார்த்தேன், கொரியப் போரில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடக்கும் படம். பாதியிலேயே எரிச்சல் வந்துவிட்டது. மேஜையில் ஒருவன் ரத்தம் கொட்டக் கிடக்கிறான், டாக்டர்கள் ஜோக் அடிக்கிறார்கள். போருக்கு எதிரான படம் என்கிறார்கள். எனக்கு ராணுவத்தைக் கேலி செய்வதாகத்தான் தெரிந்தது. உங்களுக்குக் கோபம் வரவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வந்தது, ஆனால் வேறோர் இடத்தில். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அறுவை அரங்கக் காட்சிகளை இன்னொரு முறை பாருங்கள், முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும். பேச்சு எங்கெங்கோ போகிறது, கை நிற்பதே இல்லை. நான் 14 வருடம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன். ஒரே ராத்திரியில் 11 பேரைக் கொண்டுவந்தபோது எங்கள் சர்ஜன், பத்தாவதில் கணக்கில் ஃபெயிலான கதையை விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே பஞ்சு எடுத்துக் கொடுத்தோம். அவர் பேச்சை நிறுத்தினால்தான் எங்களுக்குப் பயம். மேஜையில் இருப்பவன் தேறமாட்டான் என்று அர்த்தம்.

மூலநாவலை எழுதியவரே கொரியப் போரில் 8055-வது நடமாடும் அறுவை மருத்துவமனையில் வேலை பார்த்த சர்ஜன்தான். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தின் துணை விமானி. இருவரும் உள்ளே இருந்து வந்தவர்கள். (வேடிக்கை என்னவென்றால், இதே கதையை வைத்துப் பின்னால் வந்த தொலைக்காட்சித் தொடரின் போர் எதிர்ப்பு, நாவல் எழுதிய அந்த டாக்டருக்குப் பிடிக்கவில்லை. போர் நடந்தது 3 வருடம், தொடர் ஓடியது 11 வருடம்.)

சண்டைக் காட்சி ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. ஹெலிகாப்டர் வருகிறது, ஸ்ட்ரெச்சர் இறங்குகிறது. எங்களுக்கும் போர் என்றால் அவ்வளவுதான் தெரியும். யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று கேட்க நேரமிருக்காது.

கேலி செய்கிறதா? சரி, செய்கிறது. என்னை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவன் ரேடார், அந்த மருத்துவமனையின் கிளார்க். கர்னல் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லப்போகும் உத்தரவை இவன் சொல்லிவிடுவான். யூனிட்டை நடத்துவது சி.ஓ. (தலைமை அதிகாரி) என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். லீவ் வேண்டுமென்றால் முதலில் எந்த கிளார்க்கின் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது ஜவானுக்குத் தெரியும்.

கோபம் வந்தது தலைமை நர்ஸ் மேஜர் ஹூலிஹன் குளிக்கும் காட்சியில். கூடாரத் துணியைத் தூக்கிவிட்டு, முகாமே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. அவர் நல்ல நர்ஸ் என்பதைப் படமே ஒப்புக்கொள்கிறது. அழுதுகொண்டே முறையிடப் போனால் கர்னல் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. இதில் போர் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நன்றாகப் பழக்கப்பட்ட அட்டூழியமாகத்தான் தெரிந்தது. எங்கள் யூனிட்டிலும் ஒரு சிஸ்டரை வைத்து இப்படி ஒரு 'விளையாட்டு' நடந்தது. அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.