எலுமிச்சைக்கு எத்தனை கிலோ சுண்ணாம்பு?

கேள்வி: ஐயா வணக்கம். அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் 160 எலுமிச்சை வைத்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகக் கொழுந்து வெளுத்தே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் மஞ்சள். சில கிளைகளில் இலை காகிதம் போல வெள்ளை. அடி இலை நன்றாகத்தான் இருக்கிறது. காயும் வெடிக்கிறது. வீட்டை ஒட்டிய முதல் வரிசை 14 மரமும் ரொம்ப மோசம். தாத்தா கட்டிய வீட்டை இடித்தபோது வந்த காரைக் கட்டியையும் செங்கல் தூளையும் அந்த வரிசைக் குழிகளில் போட்டோம், தண்ணீர் வடியும் என்று கொத்தனார் சொன்னார். உரக்கடையில் கேட்டதற்கு, காய் வெடித்தால் கால்சியம் பற்றாக்குறை, மரத்துக்கு 2 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு வையுங்கள், மேலே நுண்ணூட்டக் கலவை அடியுங்கள் என்றார்கள். கலவை மூன்று தடவை அடித்தாயிற்று. பத்து நாள் பச்சையாகிறது, அடுத்த கொழுந்து பழையபடி வெளுக்கிறது. மரத்துக்குச் சுண்ணாம்பு எத்தனை கிலோ வைக்கலாம்? எந்தக் கம்பெனிக் கலவை நல்லது? போரில் தண்ணீர் தாராளம், மூன்று நாளைக்கு ஒருமுறை பாத்தி நிறைய விடுகிறேன். பக்கத்து அரை ஏக்கரில் முந்திரி போடலாமா?

பதில்: ஒரு கிலோகூட வைக்க வேண்டாம் தம்பி. வாங்கி வைத்திருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்ள மறுத்தால் மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஆகும். உங்கள் மரம் சுண்ணாம்பு போதாமல் வெளுக்கவில்லை, சுண்ணாம்பிலேயே நிற்பதால் வெளுக்கிறது.

முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் தோட்டத்துப் பழத்திலேயே சாறு நிறைந்த ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஒரு மரத்தடியில் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, உலர்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் பழத்தைப் பிழியுங்கள். காதருகே கொண்டுபோனால் சுர்ரென்று சத்தம் கேட்கும், நுரை எழும். அந்தக் காரைக் கட்டியில் ஒன்றின்மேல் பிழிந்தால் இன்னும் பலமாகப் பொங்கும். புளிப்பு பட்டதும் சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிற சத்தம் அது. கடைசி வரிசை மண்ணிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரரின் தராசைவிட இந்தப் பழம் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும்.

கொத்தனார் சொன்னதைக் கேட்டதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். காரையை வெறும் கல்லும் மண்ணும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தாத்தா காலத்தில் காளவாயில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டார்கள். சுமார் 900 டிகிரிச் சூட்டில் கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறி, 100 கிலோ கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதைத் தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றிப் பூசினார்கள். பூசிய நாளிலிருந்து அந்தச் சுவர் காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. பழைய காரைச் சுவரில் ஆணி இறங்காமல் வளைவது இதனால்தான். வேலை அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இடித்த பிறகு அந்தக் காரை திரும்பவும் சுண்ணாம்புக் கல்தான், அதுவும் பொடியாக உடைந்த கல். முழுப் பாறையாக இருந்திருந்தால் வேர் சுற்றிப் போயிருக்கும். பொடியாகப் போட்டதால் ஒவ்வொரு வேர் நுனியையும் அது தொட்டுக்கொண்டே இருக்கிறது.

மற்ற 146 மரத்துக்குக் காரை போடவில்லையே என்பீர்கள். அங்கே ஊர் மண்ணே போட்டிருக்கிறது. செந்துறை, அரியலூர், டால்மியாபுரம் பக்கமெல்லாம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலாக இருந்த இடம். உழும்போது நத்தை போலச் சுருண்ட கல்லும் சிப்பிக் கல்லும் நீங்களே பொறுக்கியிருப்பீர்கள். அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகள் படிந்து இறுகியதைத்தான் இன்று சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுத்து, களிமண் சேர்த்து 1,450 டிகிரியில் சுடுகின்றன. அதே பாறை உங்கள் நிலத்துக்கு அடியிலும் ஓடுகிறது. மழைத்தண்ணீர் அதைக் கொஞ்சம் கரைத்து, வெயில் காலத்தில் மேலே இழுத்து, ஒன்றிரண்டு அடியில் வெள்ளை உருண்டைகளாகப் படிய வைக்கிறது. அதுதான் சுக்கான். மேலே ஓர் அடி நல்ல செம்மண் இருக்கும், கண்ணுக்கு அழகாக இருக்கும், அடியில் சுக்கான் அடுக்கு காத்திருக்கும்.

நான் இதில் பிடிவாதக்காரன், சொல்லியே தீருவேன். மரப்பயிர் வைக்கிறவர் கன்று வாங்கப் போகும் முன் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து குழி வெட்ட வேண்டும், ஒவ்வொன்றும் மூன்றடி ஆழம். குழிச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு சாண் இடைவெளியில் புளிப்பு விட்டு, எந்த ஆழத்தில் பொங்குகிறது என்று குறித்து வைக்க வேண்டும். ஒரு நாள் கூலிக்குள் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் லட்சம் செலவழித்து மரம் வைத்து, ஐந்தாம் வருடம் இலையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மண்வள அட்டை இருக்கிறதே என்று பலர் நீட்டுகிறார்கள். அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன, சுண்ணாம்பு எத்தனை சதவீதம் என்ற கட்டம் அதில் இல்லை. மேல்மண் அரை அடியில் எடுத்த மாதிரி இரண்டாம் அடியில் இருக்கிற சுக்கானைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது மேல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி என்று மூன்று பையில் மண் கொண்டுபோய், சுண்ணாம்பு நிலை என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் சுக்கான் நிலத்தில் காய்ந்துபோன ஓர் எலுமிச்சை மரத்தைப் பெயர்த்துப் பார்த்தேன். ஆணிவேர் ஒன்றரை அடி இறங்கி, அங்கே கை மடங்கினது போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. திரும்பிய இடத்தில் வேர்த் தோல்மேல் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. அந்த வேரைப் பார்த்த பிறகு குழி வெட்டாமல் மரம் வைக்க யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

இனி இலை ஏன் வெளுக்கிறது என்பது. உங்கள் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருவின் நிறம்தான். எலுமிச்சை வேர் தன் நுனியில் கொஞ்சம் புளிப்பைக் கசியவிட்டு, அந்தத் துருவைக் கரைத்துத்தான் இரும்பைக் குடிக்கும். சுண்ணாம்பு மண் அந்தப் புளிப்பை வேரின் வாயிலேயே முறித்துவிடுகிறது. இலைக்குப் போன இரும்பு அந்த இலையிலேயே தங்கிவிடும், புதுக் கொழுந்துக்கு நகராது. அதனால்தான் அடி இலை பச்சை, கொழுந்து வெள்ளை. நீங்கள் அடித்த கலவை பத்து நாளில் தோற்றதற்கும் இதுவே காரணம். கம்பெனியை மாற்றினால் இது மாறாது.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருமுறை பாத்தி நிறைய விடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் பாதி நோய் அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்பு மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேரும் நுண்ணுயிரும் விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லாமல் மண்ணுக்குள் அடைபடும். அந்தக் கரியமில வாயு சுண்ணாம்பைக் கரைத்து பைகார்பனேட்டாக்கும். இரும்பை வேருக்கு எட்டாமல் செய்வதில் அதைவிடப் பொல்லாதது இல்லை. உங்கள் போர்த் தண்ணீரே அதைச் சுமந்து வருகிறதா என்று வெந்நீர்ப் பானையின் அடியைப் பாருங்கள். வெள்ளை ஏடு படிந்திருந்தால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் நீங்களே சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள், உருண்டையாக நிற்காமல் உதிர்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். ஒருமுறை மரத்தின் ஒரு பக்கம், அடுத்த முறை மறுபக்கம். அதே சமயம் காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாக விடவும் கூடாது. காய் வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான், வறண்ட தோல் திடீர்த் தண்ணீரைத் தாங்காது. சுண்ணாம்பு நிலத்தில் காய் வெடித்தால் கால்சியம் இல்லை என்று சொல்வது, உப்பளத்தில் நிற்கிறவனுக்கு உப்பு விற்கிற வேலை.

கடைகளைப் பற்றி இன்னொன்று. மண்ணின் கார நிலையைக் குறைக்கும் திரவம், ஏக்கருக்கு 5 லிட்டர் என்று இப்போது விற்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் அரை அடி மேல்மண் ஏறக்குறைய 900 டன் இருக்கும். அதில் பத்து சதவீதம் சுண்ணாம்பு என்றால் 90 டன். ஒரு டன் சுண்ணாம்பை முறிக்க 320 கிலோ கந்தகம் வேண்டும், அப்படியானால் 90 டன்னுக்கு 29 டன் கந்தகம். மூன்று லாரி கந்தகம் செய்கிற வேலையை ஒரு கேன் திரவம் செய்யும் என்று விற்பவரை ஏமாற்றுக்காரர் என்றுதான் சொல்வேன். ஜிப்சம் போடச் சொல்பவர்களும் உண்டு. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. களர் சோடியத்தால் கெட்ட மண், உங்களுடையது சுண்ணாம்பு மண், இரண்டும் வேறு. முழு நிலத்தையும் மாற்ற முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை. மரத்துக்கு நாலைந்து இடத்தில் வேர் நிம்மதியாகக் குடிக்கிற மூலையை உண்டாக்கிக் கொடுத்தால் போதும்.

அதற்கு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் போதும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும், விலை மலிவு. பச்சைக் கற்கண்டு போல இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் துருவாகிவிட்டது, வாங்காதீர்கள். மரத்துக்கு 200 கிராம் அன்னபேதியை 20 கிலோ மக்கிய ஈர எருவில் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு கிளை விரிவின் ஓரத்தில் ஓர் அடி ஆழத்தில் நாலு குழி எடுத்து வைத்து மூடுங்கள். எரு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுண்ணாம்பு சீக்கிரம் தொடாது. வெறும் அன்னபேதியை மண்ணில் தூவினால் வாரத்தில் துரு, காசு வீண்.

அந்த மூலை பலன் தருகிற வரைக்கும் இலைவழி அடியுங்கள். லிட்டருக்கு முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, அதன் பிறகே 5 கிராம் அன்னபேதியைப் போட வேண்டும். வரிசை மாறினால் உங்கள் போர்த் தண்ணீரிலேயே கரைசல் பழுப்பாகும், பழுப்பான கரைசலைக் கொட்டிவிடுங்கள். கொழுந்து பாதி விரிந்த நிலையில், மாலை நாலு மணிக்கு மேல், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பறிக்கப் போகிற காய்மேல் படாமல் அடியுங்கள், கறை விழும். இலை சிறுத்தும் குறுகியும் இருந்தால் துத்தநாகமும் குறைவு. அதற்கு லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் இரண்டரை கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து தனி நாளில் அடியுங்கள். அந்தச் சுண்ணாம்பு துத்தநாகக் கரைசல் இலையைச் சுடாமலிருக்க. இரும்போடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் வைத்து உடனே மண்ணால் மூடுங்கள். டி.ஏ.பி.யை இரண்டு வருடம் மறந்துவிடுங்கள், மிஞ்சிய மணிச்சத்து இரும்பை இன்னும் கட்டிப்போடும்.

முதல் வரிசைக்கு மட்டும் தனி வைத்தியம். தண்டிலிருந்து மூன்றடி தள்ளி, இந்த வருடம் ஒரு பாதி வட்டம், அடுத்த வருடம் மறு பாதி என்று ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, கைக்கு வருகிற காரையையெல்லாம் பொறுக்கி வெளியே எடுங்கள். ஒரே நேரத்தில் முழு வட்டமும் வெட்டினால் மரம் தாங்காது. நிரப்பப் போகிற மண்ணையும் பழச்சாறு விட்டுப் பார்த்த பிறகே கொட்டுங்கள், உங்கள் ஊர் ஏரி வண்டலும் சில இடத்தில் பொங்கும். இந்த 14 மரத்துக்கு மட்டும் செலவு பார்க்காமல் இரும்புச் செலேட் வாங்கலாம், இரும்பைத் துருவாகாமல் பிடித்து வைத்திருக்கும் மருந்து அது. டப்பாவில் இடிடிஹெச்ஏ என்று இருக்க வேண்டும், கரைத்தால் கருஞ்சிவப்பாக இருக்கும். இடிடிஏ என்று இருந்தால் இலைக்கு அடிக்கலாம், மண்ணில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் வந்து அந்தப் பிடியைப் பறித்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றுதான் என்று விற்கிற கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். செத்த மரத்துக்குப் பதில் வைப்பதானால் ஜம்பேரி என்கிற எலுமிச்சை வகையின் வேர்க்கன்றில் ஒட்டியதாகப் பாருங்கள், சுண்ணாம்பைக் கொஞ்சம் தாங்கும்.

முந்திரி வேண்டாம். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் அது செழிப்பதைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள், அந்த மண் வேறு. உங்கள் அரை ஏக்கருக்குச் சீத்தா அல்லது பெருநெல்லி, அதுவும் ஐந்து குழி வெட்டிப் பார்த்த பிறகு. சுக்கான் ஓர் அடியிலேயே வந்தால் மரமே வேண்டாம், பருத்தியோ மக்காச்சோளமோ போடுங்கள்.

அடுத்த கொழுந்து வந்ததும் எழுதுங்கள். முதல் வரிசையில் ஓர் இலை, கடைசி வரிசையில் ஓர் இலை, இரண்டையும் ஒரே வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஆழத்தில் பழச்சாறு பொங்கியது, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விட்டீர்கள் என்பதையும் தேதியோடு குறித்து அனுப்புங்கள்.