பீர் கிட்டும் இனிப்புநீர் மாத்திரையும்

பீர் கிட், அதாவது வீட்டிலேயே பீர் தயாரிக்க விற்கும் பொட்டலம், வாங்கி நீங்களே தயாரித்த பீரைக் குடித்தால் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலால் கண் போய்விடுமோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். மால்ட்டையும் (முளைகட்டிய பார்லி) ஈஸ்ட்டையும் போட்டு வாளியில் புளிக்கவைக்கும் பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. புளிக்கும்போது அது பெரும்பாலும் பழங்களில் இருக்கும் பெக்டினிலிருந்துதான் வரும், பார்லியில் பெக்டின் மிகக் குறைவு, நீங்கள் எதையும் காய்ச்சி வடிக்கவும் இல்லை. 2018 செப்டம்பரில் இங்கே மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் முப்பது பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த போலி மதுவால். உங்கள் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது, அதை அழித்துவிடுங்கள். ஆனால் சம்சு என்ற மலிவு சாராயம் குடித்தவருக்கு, மறுநாளாக இருந்தாலும், பார்வை பனிமூட்டம் போல் மங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரி. பீரில் சர்க்கரை இருக்குமே என்று அன்று நீங்கள் இனிப்புநீருக்குச் சாப்பிடும் கிளிக்கிளாசைட் மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போட்டீர்கள், சோறு சாப்பிடாமல் மூன்று பாட்டில் குடித்தீர்கள், விடியற்காலை மூன்று மணிக்குச் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது, உங்கள் மனைவி போதை என்று நினைத்து விட்டுவிட்டார். அது வெறும் போதை என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அன்று நீங்கள் எழுந்தது நல்ல நேரம்.

வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுவது கல்லீரல். மது உள்ளே போனால் அந்த வேலை மந்தமாகிவிடும். கிளிக்கிளாசைட்டோ கணையத்தை நெருக்கி இன்சுலினை வெளியே விடவைக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் குடித்த உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில், சர்க்கரை சரியும். மது வாடை வேறு அடிப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது, தூங்கட்டும் என்று போர்த்திவிடுவார்கள். அப்படியே வலிப்பு வந்தவர்களும் மயங்கியவர்களும் உண்டு.

அதனால் இதை உங்கள் மனைவியும் படிக்கட்டும். குடித்த இரவில் வியர்வை, நடுக்கம், குழறல், சம்பந்தமில்லாத கோபம், எது வந்தாலும் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டு இருக்காமல் சீனித் தண்ணீரைக் கொடுங்கள். எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையைக் கூட்டச் சொன்னது யார்? எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். பீருக்கு ஈடாக மாத்திரை போடுவது இணையத்தில் யாரோ கிளப்பிவிட்ட கணக்கு, உயிரோடு விளையாடும் கணக்கு. அதோடு கிட்டில் சொன்னதற்கு மேல் ஒரு கிலோ சீனி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று லிட்டரில் ஒரு கிலோ சீனி கூடினால் ஆல்கஹால் இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறும். கடை பீர் என்றால் டின்னிலேயே எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், உங்கள் பாட்டிலில் அது கிடையாது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். அழுகிய முட்டை வாடை ஈஸ்ட்டின் வேலை, நாளடைவில் போய்விடும். அடியில் படியும் வண்டலும் ஈஸ்ட்தான், வயிறு உப்பியதும் ஒருமுறை இளகியதும் அதனால் இருக்கலாம், வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு மெல்ல ஊற்றுங்கள். கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: புளிப்பு முடியுமுன் அடைத்த கண்ணாடிப் பாட்டில் பினாங்கு வெயிலுக்கு வெடிக்கும், சில்லு கண்ணில் பாயும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே மூடுங்கள். வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுங்கத்துறையிடம் கேளுங்கள், அதற்கு நான் ஆள் இல்லை.

இந்த வாரமே மாத்திரை அட்டையோடும் குளுக்கோமீட்டரோடும் உங்கள் கிளினிக்குக்குப் போய், அந்த இரவு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாமா, குடிக்கலாமா, எவ்வளவு என்பதை அங்கே முடிவு செய்யட்டும். அதுவரை மிச்சப் பாட்டில்களைத் தொடாதீர்கள், பயந்துகொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.