வாசகர் கேள்வி – பதில்: தனக்கென்று ஓர் உலை

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமம். கிளிநொச்சியில் வேலை கிடைத்ததிலிருந்து கிழமை நாள்களில் அங்கேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவில் பெரும்பாலும் கடைப் பார்சல்தான். அண்மையில் ஒரு மழை நாளில் வெளியே போக மனமில்லாமல், அறையில் கிடந்த மைசூர்ப் பருப்பை அவித்துப் பால் விட்டுக் கறியாக்கிச் சோற்றோடு சாப்பிட்டேன். நெடுநாளைக்குப் பிறகு அன்று மனம் ஆறுதலாக இருந்தது. அதன் பின் பல மாலைகளில் சமைக்கிறேன். வேலை முடிந்து அறைக்குத் திரும்புவதே இப்போது விருப்பமாக இருக்கிறது. ஆனால் என்னோடு படித்தவர்கள் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிறார்கள். பருப்புக்கறியைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவது முயற்சியற்ற வாழ்க்கையோ என்று எனக்குள் ஒரு கூச்சம். இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குப் போனபோது அதே கறியை அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. 2009க்குப் பிறகு அவர் பருப்புச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. ஏனென்று கேட்கவும் துணிவு வரவில்லை.
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு, நீங்கள் கடைசியாக எழுதியதற்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் கூச்சத்துக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போரில் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதுவரை அங்கே இருந்தவர்களுக்கும், அதற்கு முந்திய இடப்பெயர்வுக் காலத்தில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கும், நிவாரணம் என்றால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவைதான். தேங்காயும் வெங்காயமும் கிடைக்காத நாள்களில் பருப்பை உப்புத் தண்ணீரில் அவித்து, அதையே காலையும் மாலையும் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் வன்னியில் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவின் காரணமும் இதுதான் என்று நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் அவருடைய வயதை ஒத்தவர்களிடம் இப்படியான ஒதுக்கங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்: ஒருவர் பருப்பை வேண்டாம் என்பார், இன்னொருவர் கோதுமை மா ரொட்டியை வேண்டாம் என்பார், வேறொருவர் பானையின் அடியில் ஒரு பிடி சோறாவது மிச்சம் இல்லாமல் நித்திரைக்குப் போகமாட்டார். அவர்கள் உங்கள் சமையலை மறுக்கவில்லை. அந்த மணத்தோடு வந்து சேரும் நாள்களைத்தான் மறுக்கிறார்கள்.

ஆகவே, கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு ‘ஏன் அம்மா சாப்பிடவில்லை’ என்று கேட்க வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அந்தக் காலத்துக்கு முந்திய ஏதாவதொன்றைச் சமைத்துத் தரும்படி அவரையே கேளுங்கள். குரக்கன் பிட்டாக இருக்கலாம், ஒடியல் கூழாக இருக்கலாம், பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாக இருக்கலாம். அவர் சமைக்கையில் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக் கொடுங்கள். பேச்சு வருவதானால் அப்படிப்பட்ட நேரத்தில்தான் வரும். வராவிட்டாலும் கூடச் சமைத்த ஒரு மத்தியானம் உங்கள் இருவருக்கும் கிடைத்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அரிசியும் உப்பும் நீரும் மட்டும் சேர்த்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊரெல்லாம் பகிர்கிறோம். நினைவுகூர்வதற்கு அந்த நாள் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசை நாள்தோறும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். 2009இல் உங்களுக்குப் பத்து வயது இருந்திருக்கும். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடத்துக்கு இடம் நகர்ந்து, போன இடமெல்லாம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, மறுபடியும் அதை விட்டுவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். நேற்று வைத்த இடத்தில் இன்றைக்கும் உப்புப் போத்தல் இருக்கிறது, புளிப் பேணி இருக்கிறது, தூள் இருக்கிறது, கதவைத் திறந்தால் அடுப்பு அங்கேயே இருக்கிறது என்பதில் உங்கள் மனம் ஆறுதல் கொள்வதை முயற்சியின்மை என்று யார் சொல்ல முடியும்? பிள்ளைப் பருவத்தில் கிடைக்காததை உங்கள் சொந்தச் சம்பளத்தில் நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள். அதுவும் உழைப்பே. வெளிநாட்டுக்குப் போனவர்களையும் எண்ணிப் பாருங்கள். ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் உள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் வறுத்த தூளும் விற்கின்றன. பனிக்குளிரில் வேலை முடிந்து வந்து அவற்றை வாங்கிக்கொண்டு அறைக்குப் போகிறவர்கள் தேடுவதும், மழை நாளில் நீங்கள் கண்டெடுத்த அதே ஆறுதலைத்தான். மேற்படிப்போ வேறு வேலையோ வேண்டுமென்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாக முயலுங்கள். வயிறு நிறைந்து நன்றாக உறங்கியவருக்குப் படிப்பும் ஏறும். பிறரைப் பார்த்த கூச்சத்தினால் மட்டும் புறப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அறைக்குத் திரும்ப விரும்புவது நல்லது. ஆனால் மனிதரைக் காணவே பிடிக்காமல் அறைக்குள் ஒதுங்குவது வேறு. பசியில்லாமை, உறக்கமின்மை, எதிலும் நாட்டமில்லாமை ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சமையல் அதற்கு மருந்தாகாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படியான சாயல் எதையும் நான் காணவில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன்.

பருப்போடு நின்றுவிடாமல் இருக்க, வேலை நாளுக்கு ஏற்ற ஒன்றைச் சொல்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் சந்தையில் ஒரு பிடி முருங்கையிலை வாங்கிக்கொள்ளுங்கள். குத்தரிசி வேக நேரமெடுக்கும். நெல்லை அவித்துக் காயவிட்டுக் குத்துவதால் தவிட்டில் உள்ள பி வகை உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, ஆகையால் அந்தக் காத்திருப்பு வீண் அல்ல. உலை கொதிக்கும் அந்த நேரத்தில் கதிரையில் இருந்து இலையை உருவுங்கள். காம்பின் அடியைப் பிடித்து விரலிடுக்கில் இழுத்தால் இலை தட்டில் உதிரும், நார்க்காம்பு கையில் மிஞ்சும். பகல் முழுவதும் கணினித் திரையைப் பார்த்திருந்த கண்ணுக்கு இதைவிட நல்ல ஓய்வு எனக்குத் தெரியவில்லை. பிறகு கொஞ்ச எண்ணெயில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, இலையைப் போட்டு, மஞ்சளும் உப்பும் தூவி, மூடாமல் கிளறுங்கள். மூடினால் பச்சை நிறம் கறுத்துப்போகும். இலை சுருண்டதும் துருவிய தேங்காய்ப்பூவைச் சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கினால் வறை ஆயத்தம். தேங்காய் விற்கும் விலைக்கு ஒரு முழுத் தேங்காய் ஒருவருக்கு அதிகமென்று தோன்றும். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் பாதி மூடியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் அவர் வீட்டுக் கறி ஒன்று உங்கள் கதவுக்கு வரும். அயலட்டை அப்படித்தான் உண்டாகிறது.

கேள்வி: நான் வவுனியாப் பல்கலைக்கழக மாணவன். நண்பர்கள் நால்வர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் சமைக்கப் பழக விரும்புகிறேன். ‘அது பெண்களின் வேலை, உனக்கேன்’ என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: தம்பி, கோயில் அன்னதானத்தில் கிடாரத்தைக் கிளறுபவர்கள் யார் என்று அவர்களிடம் கேளுங்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடி அமைத்துத் தங்கும் தொழிலாளர்களுக்கும், வயற்காவலுக்குக் கொட்டிலில் படுப்பவர்களுக்கும் யார் வந்து சமைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம். சமைத்து வையுங்கள், கேலி செய்தவர்கள்தான் முதலில் கோப்பையோடு வருவார்கள்.

சொதியிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் தேங்காய்ப்பாலின் தன்மையைப் பழகியவருக்கு எங்கள் கறிகளில் பாதி கைவந்துவிடும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கப்பிப்பாலில், அதாவது முதற்பால் எடுத்த பின் மறுபடி பிழியும் தண்ணிப்பாலில், நன்றாக அவியவிடுங்கள். அதன் பின் தணலைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டி ஒரு கொதி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் பாலில் உள்ள புரதம் திரண்டு எண்ணெய் பிரிந்து சொதி திரைந்துவிடும். தேசிக்காயை இறக்கிச் சற்று ஆறிய பின்புதான் பிழிய வேண்டும். இடியப்பத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. கடைச் சொதியையும் உங்கள் சொதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த வித்தியாசத்தை நண்பர்களே சொல்வார்கள்.

கேள்வி: எனக்கு இருபத்தொன்பது வயது. முள்ளியவளையில் தம்பியோடு வசிக்கிறேன். அம்மா தவறிய பிறகு வீட்டுச் சமையல் என் கைக்கு வந்தது. அவர் வைக்கும் மீன் குழம்பின் சுவை எனக்கு வரவேயில்லை. அது அவருடைய கைராசி, இனி வராது என்கிறார்கள் உறவினர். தம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான். அதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

பதில்: சகோதரிக்கு, உறவினர் ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கலாம், ஆனால் அதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் அம்மா கற்றுக்கொண்ட ஒன்றை நீங்களும் கற்றுக்கொள்ள முடியும். அவர் அளந்து எழுதி வைக்கவில்லை என்பது மட்டுமே தடை. அந்த அளவுகள் வேறு இடங்களில் இன்னும் இருக்கின்றன.

முதலில் தூளைத் தேடுங்கள். மீன் குழம்பின் சுவையில் பெரும்பகுதி தூளில்தான் இருக்கிறது. நீங்கள் இப்போது கடைத் தூளைப் பாவிப்பதானால், எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் அந்தச் சுவை வராது. அம்மா எந்த ஆலையில் தூள் இடித்தார், யாரோடு சேர்ந்து வறுத்தார் என்று விசாரியுங்கள். வருடக் கணக்காகச் சேர்ந்து வறுத்த அயலவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். கிலோ செத்தலுக்கு மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். வறுக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனெனில் மல்லி பொன்னிறமாகும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். செத்தல் மொறுமொறுப்பாக வேண்டும், கறுக்கக்கூடாது. வெந்தயம் ஒரு கணம் கூடினாலும் தூள் முழுவதும் கைத்துவிடும். கறிவேப்பிலையைக் கையில் நொறுங்கும் வரை வறுக்கலாம். எல்லாம் ஆறிய பின்பே இடிக்கவும், இடித்த தூள் ஆறிய பின்பே போத்தலில் அடைக்கவும் வேண்டும். சூட்டோடு அடைத்தால் வேர்த்துக் கட்டிபட்டு மணம் கெட்டுவிடும்.

தூள் சரியான பிறகும் ஏதோ குறைவதாகத் தோன்றினால், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழப்புளியைத் தூளுக்கு முன் விட்டாரா, பின் விட்டாரா? முதற்பால் சேர்த்தாரா, கப்பிப்பாலோடு நிறுத்திக்கொண்டாரா? மண்சட்டியும் விறகும்தானா, அல்லது எரிவாயு அடுப்பா? 2022இல் எரிவாயு கிடைக்காமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பிய மாதங்களில் அவர் வைத்த குழம்பைத்தான் உங்கள் நாக்கு நினைத்திருக்கிறதோ என்றும் யோசியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிவந்தது என்று தெரியாமல் போகும்.

தம்பியையும் இந்தத் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பேசாமல் சாப்பிடுவது உங்களை நோகடிக்கக் கூடாதென்ற எண்ணத்தினாலாக இருக்கலாம். ‘அம்மாவின் குழம்புக்கு இதில் என்ன குறைகிறது, சொல்லு’ என்று நேராகக் கேட்டால், புளி கூட என்றோ தூள் பச்சை மணம் என்றோ அவனும் வாய் திறப்பான். அம்மாவைப் பற்றிப் பேச அவனுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு சுவை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விளைமீனோ பாரையோ, காலையில் வைத்த குழம்பில் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்க மத்தியானம் வரை நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்து, மத்தியானம் இருவரும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.