விறைக்கும்போது முன்தோல் இறுக்குகிறது, மொட்டு கூசுகிறது: இது நோயா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கும் 24 வயதுத் தம்பிக்கு: மொட்டில், அதாவது ஆணுறுப்பின் நுனியில், வரும் கூச்சம் நோயல்ல. எப்போதும் மூடியே கிடந்த மெல்லிய தோல் அது. தினமும் வெறும் தண்ணீரில் கழுவிவர மெல்லப் பழகிவிடும். சோப்பு வேண்டாம், எரியும்.

இறுக்கத்தைத்தான் கவனிக்கணும். பலவந்தமாக இழுத்தால் கீறல் விழும். அது ஆறித் தழும்பானால் இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தபின், வலிக்காத அளவுக்கு மட்டும் இழுத்துப் பழக்குங்கள். டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரம் தடவினாலே பலருக்கு இளகிவிடும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சுன்னத் ஆபரேஷன் என்றதும் பதறவும் வேண்டாம், அது கடைசி வழிதான்.

தோலில் அடிக்கடி வெடிப்பு வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். பின்னால் போன தோல் திரும்பாமல் மொட்டு வீங்கினால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கூச்சப்படாமல் உடனே உங்கள் ஊர் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.